வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேர நாடக வகுப்புகள் வேண்டும்: கலை பண்பாட்டுத் துறைக்கும் இயல் இசை நாடக மன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் தலைவர், உறுப்பினர் செயலர், உறுப்பினர்கள் ஆகியோருக்கும் வணக்கம்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இயங்கும் 17 ஊர்களிலும், வேலைக்குப் போகும் வயதுவந்தவர்கள் நடிப்பை முறையாகக் கற்றுக்கொள்ளும்படி, மேல் வயது வரம்பில்லாத மாலை நேர நாடக வகுப்புகளைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காக இந்த மடலை எழுதுகிறேன். திருச்சிராப்பள்ளியில் ஒரு வங்கியில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். நாடகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஓர் இளம் ஆசிரியை தம் சொந்த முயற்சியில் நடத்திவரும் வார இறுதி வகுப்பில் சில ஆண்டுகளாக நடிப்புப் பயின்று வருகிறேன். சினிமா வாய்ப்பைத் தேடி நான் அங்கே போகவில்லை. என்னோடு பயில்பவர்களில் பெரும்பாலோரும் அதற்காக வருவதில்லை. எங்களில் ஒரு செவிலியர் இருக்கிறார், நகைக்கடையில் விற்பனையாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார், அரசுப் பள்ளி ஆசிரியைகள் இருவர் இருக்கிறார்கள், தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரும் இருக்கிறார். ஒரு கலையை அதன் அடிப்படையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே எங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது.

இன்று தமிழ்நாட்டில் முப்பத்தைந்து வயதான ஒருவர், பார்க்கும் வேலையை விடாமல் நடிப்பைக் கற்க விரும்பினால் எங்கே போவார் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1959இல் தொடங்கப்பட்ட புது தில்லி தேசிய நாடகப் பள்ளியின் பட்டயப் படிப்பு மூன்றாண்டு முழுநேரப் படிப்பு. அதில் சேரப் பொதுவாக 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையும் தமிழ் நாடகத்துக்குப் பெரும் பணி செய்திருக்கின்றன என்றாலும், அங்கே படிப்பதற்கு வேலையையும் வீட்டையும் விட்டுப் போக வேண்டும். தங்கள் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள சிறுவர்களுக்கானவை. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளிலோ 12 முதல் 25 வயது வரையுள்ளவர்கள் சேரலாம். குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. நாடகம் அந்தப் பட்டியலில் இல்லை. சென்னையில் இருப்பவருக்காவது 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற குழுக்களின் வழியாக ஏதேனும் ஒரு வாசல் திறக்கும். மற்ற ஊர்களில் யாராவது ஒரு நாடகப் பட்டதாரி தம் கைப்பணத்தைப் போட்டு வகுப்பு நடத்தினால்தான் உண்டு.

அப்படி நடத்துவது எவ்வளவு சிரமமானது என்பதற்கு எங்கள் வகுப்பே சான்று. ஒரு சிறிய கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துப் பயில்கிறோம். முகூர்த்த நாட்களில் கூடம் கிடைக்காது. ஆடி மாதத்திலும் மார்கழியிலும் வகுப்பு தடையின்றி நடக்கும்; தையும் ஆவணியும் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் யாரோ ஒருவரின் திருமணத்துக்குப் போய்விடும். முந்தைய நாள் விருந்தின் எண்ணெய்ப் பிசுக்கு தரையில் இருந்தால், வழுக்கிவிடாமல் இருக்க நாங்களே சோப்புத்தூள் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உடற்பயிற்சியைத் தொடங்க முடியும். மண்டப உரிமையாளர் நல்லவர். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால், ஒரு கலையைப் பயில்வது கல்யாண நாள்காட்டியை நம்பி இருக்கும்வரை அதில் தொடர்ச்சி என்பதே இருக்காது. நடிப்புப் பயிற்சியில் தொடர்ச்சி போனால் முக்கால் பங்கும் போய்விடுகிறது.

வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் நாடகம் பயில்வது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. 1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வழக்கறிஞர் தம் சரச வினோதினி சபாவைச் சென்னைக்கு அழைத்து வந்து நாடகங்கள் நடத்தினார். படித்துப் பதவியில் இருப்பவர்களே மேடையேறியதைக் கண்ட பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டில் சுகுண விலாச சபையை நிறுவினார். அவர் வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் பணியாற்றியவர். அவருடைய சபையினரும் பகலில் அலுவலகத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள். எங்கள் ஊரில் தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கினார். பின்னாளில் தமிழகமே கொண்டாடிய எம். கே. தியாகராஜ பாகவதர் சிறுவனாக லோகிதாசன் வேடமிட்டு முதன்முதலில் மேடையேறியது அவருடைய ஆதரவில்தான். கே. பாலச்சந்தர் சென்னையில் கணக்காய்வுத் தலைவர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதி இயக்கினார். நாகேஷ் ரயில்வேயில் எழுத்தராக இருந்தபோது அமெச்சூர் நாடகங்களில் நடித்தார். இவர்கள் யாரும் வேலையை விட்டுவிட்டு மேடைக்கு வந்தவர்கள் அல்லர். மாலை நேரத்தில்தான் இந்த மாநிலத்தின் நவீன நாடகம் வளர்ந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

ஆனால், அந்தச் சபாக்களில் சேர்ந்தவர்களுக்கு முறையான நடிப்புப் பயிற்சி கிடைத்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. மூத்தவரைப் பார்த்து இளையவர் செய்தார். நன்றாகச் செய்தவரைப் பார்வையாளர்கள் கைதட்டி வளர்த்தார்கள். கடுமையான, அன்றாடப் பயிற்சி என்பது சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் இருந்தது. அது சிறுவர்களுக்கான பயிற்சி. வீட்டையும் பள்ளிப் படிப்பையும் விட்டு வந்த பிள்ளைகள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. தெருக்கூத்தில் பயிற்சி உண்டு. அதுவும் இளம் வயதிலேயே ஆசிரியரோடு ஊர் ஊராகப் போய், விடிய விடிய ஆடிக் கற்பது. ஆக, வயதுவந்தவர் ஒருவர் தம் அன்றாட வாழ்க்கையை வைத்துக்கொண்டே நடிப்பை அடிப்படையிலிருந்து கற்பதற்கான ஏற்பாடு நம்மிடம் எக்காலத்திலும் முழுமையாக இருந்ததில்லை. இதற்கு நிதிப் பற்றாக்குறையைவிட, நடிப்பு பிறவியிலேயே வருவது, அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது என்ற நம்பிக்கையே முதன்மையான காரணம் என்று நான் கருதுகிறேன். மிருதங்கத்துக்குப் பாடத்திட்டம் வேண்டும் என்பதை ஏற்கும் நாம், நடிப்புக்கும் அப்படி ஒன்று இருக்க முடியும் என்பதை ஏற்கத் தயங்குகிறோம்.

அந்த நம்பிக்கை தவறு என்பதை நான் வகுப்பில் கண்ணால் கண்டிருக்கிறேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனிடமிருந்து நான்கு நாட்களாகத் தகவல் இல்லாத ஒரு தந்தையை, முன்பு குறிப்பிட்ட அந்த ஓய்வுபெற்ற வெல்டர் நடித்துக்காட்ட வேண்டியிருந்தது. நெற்றியில் கையை வைத்தார், பெருமூச்சு விட்டார், கூரையைப் பார்த்துக் கண்களை மூடிக்கொண்டார். நாம் திரையில் பார்த்த தந்தையர் எல்லாரும் அவர் முகத்தில் வந்து போனார்கள். ஆசிரியை அவரைக் குறை சொல்லவில்லை. “ஐயா, அதையெல்லாம் விட்டுடுங்க. நீங்க இத்தனை வருஷம் செஞ்ச வேலையைச் செய்ங்க. வெல்டிங் பண்ணுங்க. போன் பெஞ்சு மேல இருக்கு. மெஷின் சத்தத்துல மணி அடிச்சாக் கேக்காது. அவ்வளவுதான்” என்றார். “சரிம்மா” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் குந்தி உட்கார்ந்தார்.

இல்லாத ஷீல்டை இடக்கையில் பிடித்தார். இல்லாத ஹோல்டரில் ராடைச் சொருகி இரண்டு முறை தட்டிப் பார்த்தார். முகத்தை மறைத்துக்கொண்டு பற்றவைக்கத் தொடங்கினார். மணிக்கட்டு ஒரே சீராக நகர்ந்தது. ஷீல்டை இறக்கினார், சுத்தியால் கசடைத் தட்டினார், தட்டிக்கொண்டே ஒருமுறை பெஞ்சைப் பார்த்தார். மறுபடியும் பற்றவைத்தார். இம்முறை பாதியிலேயே கை நின்றது. வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வெல்டர் காரணமில்லாமல் கையை எடுக்கமாட்டார். ஷீல்டைச் சற்றே விலக்கி, காதைச் சாய்த்து, மணி அடிக்கிறதா என்று கேட்டார். அடிக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. அவர் கவலையைக் காட்ட ஒன்றுமே செய்யவில்லை. கவலை இருக்கும் ஒருவர் செய்யும் வேலையைச் செய்தார், அவ்வளவே.

இது அதிசயமன்று, ஒரு தொழில்நுட்பம். நடிகர் உணர்ச்சியை நேராகத் துரத்தினால் அது கைக்கு அகப்படாது. பாத்திரத்தின் சூழ்நிலை என்ன, அதற்கு இப்போது என்ன வேண்டும், அதைப் பெற அது என்ன செய்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் உடலால் விடை தேடினால் உணர்ச்சி தானாக வந்து சேரும் என்பதை, 1898இல் மாஸ்கோ கலை அரங்கை நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து நிறுவிய ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, 1938இல் இறக்கும்வரை தொடர்ந்த தம் ஆய்வால் ஒரு பயிற்சி முறையாக வகுத்தார். அவருடைய இறுதிக்கால ஒத்திகைகள் உடல்வழிச் செயல்களைச் சுற்றியே அமைந்தன. நம் மரபும் இதை அறியாததன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று வகுக்கிறது. அழுகைக்கு அது தரும் நான்கும் இளிவு (அவமானம்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தளர்தல்), வறுமை. எங்கள் ஆசிரியை இந்தப் பட்டியலை ஒரு பயிற்சியாகவே மாற்றிவிட்டார். அழ வேண்டிய காட்சி வந்தால், “இது எந்த அழுகை? இழந்துட்டு வர்றதா, அவமானப்பட்டு வர்றதா, இல்லாமையில வர்றதா?” என்றுதான் கேட்பார். பணத்தைப் பறிகொடுத்தவரும் பலர் நடுவில் ஏச்சு வாங்கியவரும் ஒரே மாதிரி அழுவதில்லை. இந்த வேறுபாட்டைத் தன் உடலில் தேடத் தொடங்கும் அந்த நிமிடத்திலேயே, ஒருவர் திரையில் பார்த்த அழுகையைப் படியெடுப்பதை நிறுத்திவிடுகிறார்.

கேட்பதும் அப்படிக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்றுதான். அமெரிக்க நடிப்பாசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் உருவாக்கிய திருப்பிச் சொல்லும் பயிற்சியைச் செவிலியரும் நகைக்கடை இளைஞரும் செய்தார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் மற்றவரிடம் காண்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “உங்க சட்டை நீலமா இருக்கு தம்பி.” “என் சட்டை நீலமா இருக்குக்கா.” முதலில் இருவருக்கும் சிரிப்பு வந்தது, பிறகு சலிப்பு வந்தது, அதன்பின், சொற்கள் மாறாமலே குரல் மாறத் தொடங்கியது. அந்தச் சொற்றொடருக்குள் ஒரு சவால் வந்தது, ஒரு தயக்கம் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. எதிரில் இருப்பவரை முழுமையாகக் கவனித்தால் அடுத்து என்ன செய்வது என்று திட்டமிடத் தேவையில்லை என்பதை இந்தப் பயிற்சி உடலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. தம் வசனத்துக்கு முறை எப்போது வரும் என்று காத்திருப்பதே நடிப்பு என்று எண்ணி வந்தவர்களுக்கு இது பெரிய திறப்பு.

குரல் பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்களோடு பயிலும் பள்ளி ஆசிரியைகள் இருவரும், ஆண்டுக்கணக்கில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் முன் தொண்டையால் கத்திப் பேசிக் குரல் கம்மியவர்கள். தரையில் மல்லாந்து படுத்து, விலாவும் அடிவயிறும் விரிய மூச்செடுத்து, அந்த மூச்சின் மேல் ஒலியை ஏற்றப் பழகிய பிறகு, கூடத்தின் கடைசிச் சுவர் வரை கத்தாமலேயே அவர்கள் குரல் போகிறது. கண்ணகி பாண்டியனிடம் வழக்குரைக்கும் காட்சியை எங்களுக்குப் பயிற்சிக்காகத் தந்தபோது எல்லாரும் முதல் சொல்லிலிருந்தே முழங்கினோம். அவள் அரசனைக் கேட்கவைக்க வந்திருக்கிறாள், கையில் சான்று வைத்திருக்கிறாள், அப்படிப்பட்டவள் எடுத்த எடுப்பிலேயே தன் மூச்சை எல்லாம் செலவழித்துவிடுவாளா என்று ஆசிரியை கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் காட்சி எங்கள் எல்லாருடைய வாயிலும் வேறாக ஒலித்தது.

இவை ஒருநாள் பட்டறையில் வருபவை அல்ல. பட்டறைகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறையும், 1980இல் வங்க நாடக ஆசிரியர் பாதல் சர்க்கார் சென்னையை அடுத்த சோழமண்டலக் கலைக் கிராமத்தில் நடத்திய பட்டறையும் தமிழ் நவீன நாடகத்தின் போக்கையே மாற்றியவை. அவற்றில் கலந்துகொண்டவர்கள் நாட்கணக்கில் சேர்ந்து உழைத்தார்கள். முடிந்தபின் தத்தம் ஊரில் குழு அமைத்து அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். இன்று பட்டறை என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பாலானவை காலையில் தொடங்கி, மாலையில் சான்றிதழ் கொடுத்து, குழுப் படத்தோடு முடிந்துவிடுகின்றன. வந்தவருக்கு ஆர்வம் பிறக்கிறது. அடுத்த வாரம் அந்த ஆர்வத்தை எடுத்துக்கொண்டு போக ஓரிடம் இல்லை. வயதுவந்தவரின் உடல் பழக்கங்களால் இறுகியது. மேசை முன் குனிந்தே இருந்த தோள், மேலதிகாரி முன் தாழ்ந்தே பழகிய குரல், பிறர் பார்க்கிறார்கள் என்றால் விறைத்துப்போகும் கை, இவையெல்லாம் தளர்வதற்கே பல வாரங்கள் வேண்டும். அதே நேரத்தில், இருபது வயதுக்காரரிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது. கடன், நோய், பிரிவு, பிள்ளை வளர்ப்பு, வேலையிடத்து அவமானம் ஆகிய எல்லாவற்றையும் கடந்து வந்தவர்கள் இவர்கள். கற்றுக்கொடுக்க ஆளும் இடமும் இருந்தால் அந்த அனுபவம் அத்தனையும் மேடைக்கு வரும்.

முறையான வகுப்புகள் இல்லாத இடத்தை இன்று யார் நிரப்புகிறார்கள் என்பது இன்னொரு கவலை. சினிமாவில் அறிமுகம் செய்துவைப்பதாக ஆசை காட்டிப் பெரும் தொகையைக் கட்டணமாக வாங்கிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று வசனம் பேச வைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த ஒருவர், அதற்கு முன் பயின்ற ஓரிடத்தில், தாயின் இறப்பை நினைத்து அழும்படி வற்புறுத்தப்பட்டு, பல இரவுகள் தூக்கமில்லாமல் தவித்திருக்கிறார். சொந்த வாழ்வின் வலியைக் கிளறி உணர்ச்சியை வரவழைக்கும் முறை, நடிப்புலகிலேயே நெடுங்காலமாக விவாதத்துக்கு உள்ளானது. 1934இல் பாரிஸில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நேரில் சந்தித்துத் திரும்பிய நடிகை ஸ்டெல்லா ஆட்லர், நினைவைத் தோண்டுவதைவிடச் சூழ்நிலையும் கற்பனையும் செயலுமே முதன்மை என்று தம் அமெரிக்கக் குழுவில் வாதிட்டார். இந்த வரலாற்றை அறிந்த ஆசிரியர் ஒருவர், மாணவரை அழவைத்துவிட்டு அதையே தம் வெற்றியாகக் கொள்ளமாட்டார். பயிற்சி முடிந்ததும் அவரைச் சமநிலைக்குக் கொண்டுவந்துதான் வீட்டுக்கு அனுப்புவார். தொடுவதற்கு முன் அனுமதி கேட்பது, ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யும் பயிற்சிகளின் எல்லையை முன்கூட்டியே பேசித் தீர்மானிப்பது, வேண்டாம் என்று சொல்பவரைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது ஆகியவையும் பயிற்சியின் பகுதிகளே. திருமணமான பெண்கள் பலர் விருப்பமிருந்தும் இத்தகைய வகுப்புக்கு வரத் தயங்குவது, அந்த இடம் எப்படிப்பட்டது என்று வீட்டில் சொல்லி நம்பவைக்க முடியாததால்தான். அரசு இசைப் பள்ளியில் வகுப்பு என்றால் அந்தத் தயக்கத்தில் பாதி அகன்றுவிடும்.

ஆகவே, என் கோரிக்கையைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். இசைப் பள்ளிகளின் பகல் வகுப்புகள் முடிந்தபின், வாரத்தில் இரண்டு மாலைகளும் ஞாயிறு காலையும் ஒரு கூடத்தை நாடக வகுப்புக்கு ஒதுக்கினால் போதும். மேடையோ ஒளியமைப்போ தொடக்கத்தில் தேவையில்லை. இருபது பேர் கைகளை விரித்துச் சுற்றி வரும் அளவுக்குத் தளவாடம் இல்லாத தரை, காற்று வர சன்னல்கள், குடிநீர், பெண்கள் உடை மாற்றிக்கொள்ளத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, இவ்வளவே தேவை. ஒரு பிரிவில் பதினைந்து அல்லது பதினாறு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. அதற்கு மேல் போனால் ஆசிரியரால் ஒவ்வொருவரின் உடலையும் குரலையும் கவனிக்க முடியாது. முதல் மூன்று மாதங்கள் உடல், மூச்சு, கவனம், கேட்டல் ஆகியவற்றிலேயே செல்லட்டும். அடுத்த மூன்று மாதங்களில் இருவர் நடிக்கும் சிறு காட்சிகள், அதன்பிறகே ஒரு முழு நாடகம். முடிவில் பொதுமக்கள் முன் எளிய முறையில் நடித்துக் காட்டலாம். ஆனால் போட்டியும் பரிசும் வேண்டாம். பரிசு என்று ஒன்று வந்துவிட்டால் பயில்பவர்கள் தெரிந்ததையே திரும்பச் செய்யத் தொடங்குவார்கள்.

ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. புதுவையிலும் தஞ்சையிலும் நாடகம் படித்துப் பட்டம் பெற்ற பலர், படித்ததற்குத் தொடர்பில்லாத வேலைகளில் இருக்கிறார்கள். அவர்களோடு, அந்தந்த வட்டாரத்தின் கூத்துக் கலைஞர்களையும் ஸ்பெஷல் நாடக நடிகர்களையும் வருகைப் பயிற்றுநர்களாக அழைக்க வேண்டும். விடிய விடியத் திறந்தவெளியில் ஒலிபெருக்கியை நம்பாமல் பாடிப் பேசப் பழகிய ஒரு கூத்துக் கலைஞரிடம் மூச்சைப் பற்றிக் கற்க வேண்டியது ஏராளம். ஒத்திகையே இல்லாமல் மேடையில் சந்தித்து இரவு முழுவதும் நீளும் நாடகத்தை நடத்தி முடிக்கும் ஸ்பெஷல் நாடகக் கலைஞரைவிட, எதிரில் நிற்பவரைக் கவனித்து விடை சொல்வதை யார் நன்றாகக் கற்றுத்தர முடியும்? இவர்களை விழா மேடையில் சால்வை போட்டு அனுப்பிவிடாமல், ஆசிரியராக மதித்து மாத ஊதியம் தருவதற்கு இது நல்ல வாய்ப்பு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமையும் புகார்க் குழுவிடம் இந்த வகுப்பின் மாணவியரும் ஆசிரியைகளும் முறையிடலாம் என்பதைச் சேரும் நாளிலேயே எழுத்தில் தர வேண்டும்.

வயதுவந்தவர்கள் பொழுதுபோக்குக்காகக் கற்பதற்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்ற கேள்வி எழும் என்பதை அறிவேன். நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. இப்போதே கூடத்தின் வாடகைக்கு ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்துத்தான் பயில்கிறோம், அரசு வகுப்புக்கும் நியாயமான கட்டணம் செலுத்துவோம். பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சியைத் தங்கள் துறையே தொடங்கியிருப்பதால், வேலைக்குப் போகிறவர்களுக்கும் கலை கற்பிக்கலாம் என்ற கொள்கையைத் தாங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். லண்டனில் 1919இல் தொடங்கப்பட்ட சிட்டி லிட் என்ற வயதுவந்தோர் கல்லூரி இன்றுவரை பகுதிநேர நடிப்பு வகுப்புகளை நடத்துகிறது. இலங்கையில் நாடகமும் அரங்கியலும் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே தேர்வுக்குப் படிக்கும் பாடமாக இருக்கிறது. நம் பள்ளிகளிலோ ஆண்டு விழா நாடகத்தை யார் பயிற்றுவிப்பது என்ற கேள்விக்கு விடையில்லை. என்னோடு பயிலும் ஆசிரியைகள் இருவரும் கற்றதைத் தங்கள் பள்ளிக்குக் கொண்டுபோகிறார்கள். பிள்ளைகள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பது அங்கே குறைந்திருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடகங்களுக்குப் பார்வையாளர் இல்லை என்று குழுக்கள் வருந்துகின்றன. மாதக்கணக்கில் நடிப்பைப் பயின்ற ஒருவர், நல்ல நடிப்பைத் தேடிப் பயணம் செய்து பார்க்கும் பார்வையாளராகவும் மாறிவிடுகிறார். எங்கள் வகுப்பினர் ஒரு நாடகம் பார்ப்பதற்காகத் தஞ்சைக்கும் மதுரைக்கும் பேருந்து ஏறிப் போகிறோம். வகுப்பில் சேர்வதற்கு முன் எங்களில் பலர் நாடகமே பார்த்ததில்லை.

17 ஊர்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க இயலாது என்றால், வரும் நிதியாண்டில் திருச்சிராப்பள்ளியிலும் தாங்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு மாவட்டத்திலும் ஆறு மாதங்களுக்கு நடத்திப் பார்க்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ நிரந்தரப் பணியிடமோ தேவைப்படாது. மாலையில் கூடத்தைப் பயன்படுத்த ஓர் ஆணையும், இரண்டு பயிற்றுநர்களுக்கான மதிப்பூதியமும் போதும். எங்கள் ஆசிரியை தாம் பின்பற்றும் ஆறு மாதப் பாடத்திட்டத்தை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அதையும், வகுப்பில் சேர விரும்புவோரின் கையொப்பமிட்ட விண்ணப்பத்தையும் திருச்சி மண்டல உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க விரும்புகிறோம். அலுவலக வேலை நாளாக இருந்தாலும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவோம். நாளையும் நேரத்தையும் குறித்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வார இறுதி நாடக வகுப்பு மாணவர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி